ஸ்கீயை (பனிச்சறுக்குப் பலகையை) விமானத்தில் அனுப்ப ஹார்ட் கேஸ் போதுமா? இரண்டு ஜோடியை அதில் எப்படி அடுக்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். பிப்ரவரியில் நீங்களும் மனைவியும் டொரோண்டோவிலிருந்து சூரிச் போய், அங்கிருந்து ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்கு ஊரான செர்மாட் போகிறீர்கள். உங்கள் ஸ்கீ 177 சென்டிமீட்டர், அவருடையது 158. நண்பர் ஒருவர் தன்னிடம் இருக்கும் நீட்டிச் சுருக்கும் பிளாஸ்டிக் கேஸை இரவல் தருகிறேன் என்கிறார். அதை வாங்கிக்கொள்வதா, கடையில் புதிதாக ஒன்று எடுப்பதா என்று குழப்பம். அளவு, எடை, பூட்டு என்று பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது உங்கள் கடைசி வரிதான்: "ஹார்ட் கேஸில் போட்டுவிட்டால் கவலையில்லாமல் இருக்கலாமா?"

போட்டுவிட்டால் மட்டும் போதாது. உள்ளே ஸ்கீ ஒரு விரல்கூட நகராதபடி கட்டியிருந்தால் கவலையில்லாமல் இருக்கலாம். நான் ஒன்டாரியோவில் ஒரு ஸ்கீ கடையின் பின்பக்கப் பணிமேஜையில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். எட்ஜ் (ஓரத்து இரும்புப் பட்டை) தீட்டுவது, பேஸில் (அடிப்பரப்பில்) ஓட்டை அடைப்பது, பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் கருவி) பொருத்திச் சோதிப்பது, இதுதான் என் தொழில். விமானப் பயணம் முடிந்து அடிபட்டு வரும் ஸ்கீக்கள் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். அதனால் எந்த இடத்தில் அடிபடுகிறது, எதனால் என்பதை உறுதியாகச் சொல்வேன். விமான நிலையத்தின் உள்ளே பையை யார் எப்படித் தூக்குகிறார்கள் என்பதை நேரில் பார்த்தவன் இல்லை. அடியின் அடையாளத்தை வைத்து ஊகிப்பவன்தான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். ஸ்கீ வளைவதற்காகவே செய்யப்பட்ட பொருள். மேடு பள்ளத்தில் ஒரு ஆள் எடையோடு வளைந்து நிமிர்வதுதான் அதன் வேலை. மேலே நாலு பெட்டி விழுந்ததால் ஒரு நல்ல ஸ்கீ நடுவில் ஒடிந்து வந்தது அபூர்வம். அடிபடுவது வேறு இடங்களில். முதலாவது, நுனியும் வாலும். பை செங்குத்தாகக் கீழே விழும்போது மொத்த எடையும் வால்முனையில் இறங்குகிறது. மேல்தாள் பிளந்து, அடுக்குகள் பிரிய ஆரம்பிக்கும். அந்தப் பிளவில் தண்ணீர் இறங்கினால் சில நாளில் உள்ளே இருக்கும் மரம் ஊறிவிடும். இரண்டாவது, எட்ஜ். இரும்புப் பட்டை இன்னொரு இரும்போடு மோதினால் பல் விழும். மூன்றாவது, பைண்டிங். குறிப்பாகக் குதிகால் பகுதியின் நெம்புகோலும் பிரேக்கின் கம்பிக் கால்களும். பிரேக் கால் சற்று உள்ளே வளைந்துவிட்டால், பூட்ஸ் கழன்றபின் பிரேக் ஒழுங்காகக் கீழே இறங்காது. ஸ்கீ தன் பாட்டுக்குச் சரிவில் ஓடி யார் காலிலாவது போய் மோதும். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கீறலைக் கண்ணால் பார்க்கலாம், பிரேக் கோளாறு சரிவில் விழுந்த பிறகுதான் தெரியும்.

இந்த மூன்றில் பைண்டிங்குக்கு வெளியிலிருந்து வரும் அடியை ஹார்ட் கேஸ் நன்றாகவே தாங்கும். துணிப்பை என்றால் பக்கத்தில் இருக்கும் பெட்டியின் மூலை நேராகப் பைண்டிங்கில் இடிக்கும். பிளாஸ்டிக் ஓடு அதைத் தடுத்துவிடும். பையின் அடி தரையில் உரசி, துணி கிழிந்து, வால் வெளியே எட்டிப் பார்ப்பதும் ஹார்ட் கேஸில் நடக்காது. ஆனால் முதல் இரண்டையும் கேஸே உண்டாக்கும் அபாயம் இருக்கிறது. துணிப்பை ஸ்கீயோடு ஒட்டிக்கொண்டு அமுங்கும். ஹார்ட் கேஸ் அமுங்காது, உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கும். ஐந்தாறு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும், கேஸை நிமிர்த்தும்போதெல்லாம் ஸ்கீ உரலில் உலக்கை இறங்குவதுபோல முனையில் போய்க் குத்தும். டொரோண்டோவிலிருந்து செர்மாட் வரை அதை எத்தனை முறை நிமிர்த்திப் படுக்க வைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு வாடிக்கையாளர் கொண்டு வந்ததைச் சொல்கிறேன். கேஸ் புத்தம் புதுசு, வெளியே ஒரு கோடுகூட இல்லை. திறந்து கவிழ்த்தபோது அடியிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. ஒரு ஜோடியின் பிரேக் கால் அடுத்த ஜோடியின் மேல்தாளில் வழி முழுக்க உரசிக்கொண்டே வந்திருக்கிறது. கட்டைவிரல் அகலத்துக்கு மேல்தாள் தேய்ந்து, கீழே இருக்கும் கண்ணாடியிழை தெரிந்தது. வால் பக்கம் கேஸின் மூடியில் உள்ளிருந்து குத்திய அரைவட்டத் தழும்புகள் வரிசையாக இருந்தன. விமான நிலையத்தில் யாரும் அந்தக் கேஸைத் தூக்கி எறிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சாதாரணமாகத் தூக்கி வைத்ததிலேயே இவ்வளவும் நடந்திருக்கும்.

சரி, கேஸைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். நண்பரின் கேஸை வேண்டாம் என்று சொல்லும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். ஸ்கீயில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது. 177 என்று எழுதிய ஸ்கீ நேர்க்கோட்டில் அதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். நுனியிலிருந்து வால் வரை டேப்பை வளைக்காமல் நேராகப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். நீட்டிச் சுருக்கும் கேஸில் நீளத்தை நிறுத்தும் முள்ளைச் செருகும் துளைகள் குறிப்பிட்ட இடைவெளியில்தான் இருக்கும். உங்கள் ஸ்கீயின் நீளத்தோடு இரண்டு முனைக்கும் சேர்த்து ஏழெட்டு சென்டிமீட்டர் கூட்டி வரும் அளவுக்கு அருகில் ஒரு துளை அமைகிறதா என்று பாருங்கள். அதற்கும் மேல் நீளம் கூடினால் மெத்தை அதிகம் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். குறுக்களவைத்தான் மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஸ்கீயையும் பேஸோடு பேஸ் சேர்த்துப் பிடித்தால், குதிகால் பைண்டிங் இருக்கும் இடத்தில் உயரம் 20 சென்டிமீட்டரை நெருங்கும். அகலம் பிரேக் கால்களைப் பொறுத்தது. நடுவில் 100 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான பௌடர் ஸ்கீ (ஆழமான புதுப்பனிக்கானது) என்றால் நுனி 135-ஐத் தாண்டலாம், குறுகலான குழாய் கேஸில் நுழையாது. நுனி மேலே தூக்கிய ராக்கர் வகையாக இருந்தால் பேஸோடு பேஸ் வைக்கும்போது நுனிகள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு விலகி நிற்கும், அதற்கும் இடம் வேண்டும். உங்கள் கேள்வியில் ஸ்கீயின் மாடல் இல்லை. அதனால் நண்பரின் கேஸில் இரண்டு ஜோடியும் அடங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. "இரண்டு ஜோடிக்கானது" என்று கேஸில் எழுதியிருந்தால் சாதாரண அகலமுள்ள இரண்டு ஜோடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. உயர் அடர்த்தி பாலிஎதிலீனில் செய்த கேஸ் குளிரில் நன்றாகத் தாங்கும், அடித்தால் நசுங்கித் திரும்பும், சட்டென்று உடையாது. மலிவான பாலிபுரொப்பிலீன் வகைகள் பூஜ்யம் டிகிரிக்கு அருகிலேயே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பிப்ரவரியில் டொரோண்டோவின் பியர்சன் விமான நிலையத்தின் வெளித்தளத்தில் மைனஸ் பதினைந்தில் கேஸ் காத்துக் கிடப்பது ஒன்றும் அதிசயமில்லை. எந்தப் பிளாஸ்டிக் என்று கேஸின் அடியில் இருக்கும் மறுசுழற்சிக் குறி சொல்லும். 2 என்றால் உயர் அடர்த்தி பாலிஎதிலீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். சக்கரத்தைத் திருகு கழற்றி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், முதலில் போவது அதுதான். நடுவில் ஒரு கைப்பிடி, முனையில் ஒரு கைப்பிடி கட்டாயம் வேண்டும். பிடி இல்லாத கேஸைத் தூக்குபவர் வேறு வழியில்லாமல் இழுத்துத் தள்ளித்தான் ஆக வேண்டும். இரவல் கேஸ் என்றால் முள்ளையும் அதைக் கட்டியிருக்கும் கயிறையும் கவனியுங்கள். முள் தொலைந்துபோய் யாரோ ஆணி செருகி வைத்திருந்தால் அதை வாங்காதீர்கள். இவை சரியாக இருந்தால் புதிதாக வாங்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து.

எடைக் கணக்கை இப்போதே போட்டுவிடுங்கள். பைண்டிங்கோடு சேர்த்து உங்கள் ஸ்கீ ஜோடி 6 கிலோவை ஒட்டியும், மனைவியுடையது 5 கிலோவை ஒட்டியும் இருக்கும். போல்கள் (ஊன்றுகோல்கள்) இரண்டு ஜோடியும் சேர்ந்து ஒரு கிலோ. இரண்டு ஜோடி கொள்ளும் ஹார்ட் கேஸ் காலியாகவே 6 முதல் 8 கிலோ வரை வரும். மெத்தை, கட்டு வார் எல்லாம் சேர்த்தால் 20 கிலோவைத் தொட்டுவிடும். எகானமியில் பொதுவான வரம்பு 23 கிலோ. அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணம். 32 கிலோவுக்கு மேல் பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள். ஆக உங்களுக்கு மிச்சம் இரண்டு மூன்று கிலோதான். ஸ்கீ பேன்ட், ஜாக்கெட் எல்லாவற்றையும் கேஸில் திணித்துவிடலாம் என்று நினைத்திருந்தால் கணக்கு உதைக்கும். வேறொரு சிக்கலும் உண்டு. மூன்று பக்கமும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் பைக்கு அளவு மீறல் கட்டணம் வாங்குவது வழக்கம். பல நிறுவனங்கள் ஸ்கீக்கு அதைத் தள்ளுபடி செய்கின்றன, ஆனால் உள்ளே ஸ்கீச் சாமான் மட்டுமே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. துணிமணியைப் பார்த்தால் அந்தச் சலுகை போய்விடலாம். ஒரு ஸ்கீ பையும் ஒரு பூட்ஸ் பையும் சேர்ந்து ஒரே உருப்படி என்று கணக்கிடும் நிறுவனங்களும் இருக்கின்றன. மலிவான டிக்கெட்டில் செக்-இன் பையே சேராமல் இருப்பதும் இப்போது சாதாரணம். இதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம், டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். உங்கள் டிக்கெட்டின் பெயரோடு அவர்கள் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சலுகை இருந்தால், ஒரே கேஸில் அடைப்பது லாபமா என்பதையே மறுபடி யோசிக்கலாம்.

இனி அடுக்கும் முறை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஸ்கீயைக் கழுவித் துடைத்து, வீட்டுக்குள் வைத்து முழுக்க உலர விடுங்கள். ஒன்டாரியோவில் குளிர்காலத்தில் கார் கூரையில் ஸ்கீயைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும், சாலையில் தூவிய உப்பு எட்ஜ் முழுக்கப் படிந்துவிடும். அதை அப்படியே மூடிய பிளாஸ்டிக்குக்குள் வைத்தால் செர்மாட்டில் திறக்கும்போது எட்ஜ் காவி நிறத்தில் இருக்கும். உலர்ந்த பிறகு பேஸுக்கு ஒரு தடவை சூடான மெழுகு போட்டு, சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். மெழுகு எட்ஜின் மேலும் படியட்டும். அது துருவையும் தடுக்கும், உரசலையும் தாங்கும். அங்கே போனதும் சுரண்டி எடுத்தால் முதல் நாளுக்குத் தயார். மறக்காமல் ஒரு பிளாஸ்டிக் சுரண்டியைக் கேஸிலேயே போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு ஜோடியையும் பேஸோடு பேஸ் சேர்த்து, நுனிக்கு அருகில் ஒன்று, வாலுக்கு அருகில் ஒன்று என்று ரப்பர் தட்டு வைத்த வெல்க்ரோ வாரால் கட்டுங்கள். அந்த ரப்பர் தட்டு இரண்டு பேஸுக்கும் நடுவில் வர வேண்டும், எட்ஜும் எட்ஜும் தொடக்கூடாது. ராக்கர் நுனியாக இருந்தால் இடைவெளியில் மெல்லிய ஃபோம் துண்டைச் செருகிய பிறகு கட்டுங்கள். இல்லாவிட்டால் வாரின் இறுக்கத்தில் நுனிகள் வளைந்து நிற்கும். பிரேக்குகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்தால் பிரேக்கை அழுத்தி, கால்களை மேலே மடக்கி, தடிமனான ரப்பர் பட்டையைக் குதிகால் பகுதிக்கு மேலாகப் போட்டு நிறுத்தலாம். கடையில் எட்ஜ் தீட்டும்போது நாங்கள் செய்வது இதுதான். செர்மாட்டில் முதல் காரியமாக அந்தப் பட்டையைக் கழற்ற வேண்டும், பிரேக் இல்லாத ஸ்கீயோடு சரிவில் நிற்கக்கூடாது. மறக்காமலிருக்கக் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பட்டை வாங்குங்கள்.

இரண்டு ஜோடியையும் எதிரெதிர் திசையில் வையுங்கள், உங்கள் ஸ்கீயின் நுனி இருக்கும் பக்கம் மனைவியுடைய ஸ்கீயின் வால் வரட்டும். பைண்டிங் பொதுவாக நடுவைவிடச் சற்றுப் பின்னால் இருப்பதால், இப்படித் திருப்பி வைத்தால் இரண்டு ஜோடியின் பைண்டிங்கும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளாது. இன்னும் முட்டினால் குட்டை ஜோடியை முன்பின்னாகச் சில சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். பொருந்தும் இடம் ஒன்று கட்டாயம் கிடைக்கும். உங்கள் விஷயத்தில் 19 சென்டிமீட்டர் நீள வித்தியாசம் இருக்கிறது, அதுதான் பெரிய சவால். கேஸின் நீளம் உங்கள் ஸ்கீக்கு ஏற்ப அமையும், மனைவியின் ஸ்கீ அதற்குள் ஆடும். அதை ஃபோமால் நிரப்புவதைவிட, நீண்ட ஜோடியோடு சேர்த்து மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டுவதே உறுதியானது. அப்போது இரண்டு ஜோடியும் ஒரே கட்டையாகிவிடும், குட்டை ஜோடி தனியாக ஓட வழியில்லை. கட்டும் முன் பைண்டிங் தொடும் இடங்களில், பிரேக் கால் மேல்தாளைத் தொடும் இடங்களில் மெத்தை வையுங்கள். வெந்நீர்க் குழாய்க்குப் போடும் கறுப்பு ஃபோம் உறை இதற்கு மிகப் பொருத்தம். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும், நீளவாக்கில் ஏற்கெனவே வெட்டியிருக்கும், எட்ஜின் மேல் அப்படியே மாட்டிவிடலாம். பழைய யோகா விரிப்பை வெட்டியும் பயன்படுத்தலாம். காற்றுக் குமிழ்த் தாள் வேண்டாம், எட்ஜ் பட்டதும் குமிழ்கள் உடைந்து வெறும் தாளாகிவிடும்.

போல்களை ஸ்கீயின் பக்கவாட்டுப் பள்ளத்தில் வையுங்கள், கூர்முனை வால் பக்கம் பார்க்கட்டும், முனையில் ஒரு கார்க்கோ ரப்பர் மூடியோ போட்டுவிடுங்கள். நீளம் மாற்றும் வகை என்றால் சுருக்கிவிடுங்கள். கார்பன் போலாக இருந்தால் அதன் மேல் பைண்டிங் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியம் வளையும், கார்பன் ஒடியும்.

கடைசியாக முனைகள். கேஸின் இரண்டு கோடியிலும் இரண்டு விரல் தடிமனுக்கு அடர்த்தியான ஃபோம் வையுங்கள். கட்டை உள்ளே போன பிறகு இரண்டு பாதியையும் தள்ளி, ஃபோம் சற்று அமுங்கும் துளையில் முள்ளைச் செருகுங்கள். முழங்காலால் முட்டித் தள்ளினால்தான் முள் நுழைகிறது என்றால் அது அதிகம், ஸ்கீயின் நுனியில் பயணம் முழுக்க அழுத்தம் இருக்கும். ஒரு துளை தளர்த்திவிட்டு ஃபோமைக் கூட்டுங்கள். பிறகு சோதனை. கேஸை நிமிர்த்தி இரண்டு கையாலும் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். தலைகீழாகத் திருப்பி மறுபடி. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டாலும் திறந்து, எது அசைகிறது என்று கண்டுபிடியுங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு வேறு எதைச் செய்தும் பிரயோஜனமில்லை.

பைண்டிங் ஸ்பிரிங்கைப் பயணத்துக்காகத் தளர்த்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தொழிலில் இருப்பவர்களிடையே இதில் இரண்டு கட்சி உண்டு, அதுவும் ஒரு பருவம் முழுக்கச் சும்மா வைத்திருப்பதைப் பற்றித்தான். ஒரு வார விமானப் பயணத்துக்கு அது தேவையில்லை. தளர்த்திய டின் எண்ணை (எவ்வளவு விசையில் பூட்ஸ் கழல வேண்டும் என்ற அளவை) திரும்பச் சரியாக வைக்க மறந்தால் முதல் திருப்பத்திலேயே ஸ்கீ கழன்றுகொள்ளும், கூட்டி வைத்தால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது. தொடாமல் விடுங்கள்.

கேஸில் போடக்கூடாதவற்றில் முதலிடம் பூட்ஸுக்கு. எடைக்காகச் சொல்லவில்லை. கேஸ் இரண்டு நாள் தாமதமானாலும் செர்மாட்டில் நல்ல ஸ்கீ வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் காலுக்கு உள்ளுறையைச் சூடாக்கி வார்த்து, நுரையைத் தேய்த்துச் சரிசெய்த பூட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்காது. கேபினில் பூட்ஸை அனுமதிக்கிறார்கள், போல்களைத்தான் விடமாட்டார்கள். கொக்கிகளை லேசாக மாட்டி, உள்ளே காலுறைகளைத் திணித்து, ஒரு முதுகுப்பையில் கையோடு கொண்டு போங்கள். ஒரு ஜோடி பூட்ஸ் 4 கிலோவை ஒட்டி வரும். கேபின் பைக்கு 8 கிலோதான் என்று கறாராக இருக்கும் நிறுவனங்கள் உண்டு, முன்பே நிறுத்துப் பாருங்கள். சூடாக்கும் காலுறையின் லித்தியம் பேட்டரிகளைக் கழற்றி, பவர் பேங்கோடு சேர்த்துக் கேபினுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், தனி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பையில் போடக்கூடாது. மெழுகு நீக்கும் திரவமும், ஜாக்கெட்டுக்கு அடிக்கும் நீர்புகா ஸ்பிரேயும் தீப்பற்றக்கூடியவை, எந்தப் பையிலும் வேண்டாம். கட்டி மெழுகுக்குத் தடையில்லை.

பூட்டு விஷயம் நீங்கள் எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நேரடி விமானம் என்றால் அமெரிக்க விதிகள் உங்களைத் தொடாது. நியூவார்க் போன்ற ஊர் வழியாக மாறிப் போனால் அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏ கேஸைத் திறந்து பார்க்கலாம், அவர்களிடம் சாவி இருக்கும் வகைப் பூட்டு இல்லாவிட்டால் அறுத்தும் எடுக்கலாம். திரும்பி வரும்போது அமெரிக்காவில் முதலில் இறங்கும் இடத்திலேயே கேஸை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். எப்படியானாலும், யாராவது திறந்து பார்த்தால் நீங்கள் அடுக்கியபடி திரும்ப அடுக்குவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். உருவினால் ஒரு கட்டு வரும், தள்ளினால் ஒரு கட்டு உள்ளே போகும், சிதற ஒன்றுமில்லை. திறந்த கோலத்தில் ஒரு படமும், மூடிய பிறகு இரண்டு பக்கத்திலும் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பெயர், தொலைபேசி எண் எழுதிய தாளை உள்ளேயும் வெளியேயும் ஒட்டுங்கள். கேஸில் இருக்கும் பழைய விமான அடையாள அட்டைகளைக் கிழித்துவிடுங்கள். "உடையக்கூடியது" என்ற ஸ்டிக்கரால் பயன் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். அது ஒட்டியும் அடிபட்டு வந்தவற்றைப் பார்த்திருக்கிறேன், அதனால் அதை நம்பி மெத்தையைக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

இப்போது பலரும் யோசிக்காத பகுதி, விமானத்திலிருந்து இறங்கிய பிறகு. செர்மாட்டுக்குள் வெளியூர்க் கார்கள் போக முடியாது. கார் வைத்திருப்பவர்களும் டேஷ் ஊரில் நிறுத்திவிட்டு ரயிலில்தான் ஏறுவார்கள். சூரிச் விமான நிலையத்திலிருந்து ரயிலில் விஸ்ப் வரை வந்து, அங்கே மாட்டர்ஹார்ன் கோட்ஹார்ட் நிறுவனத்தின் மீட்டர் கேஜ் ரயிலுக்கு மாற வேண்டும். மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல். பனிச்சறுக்கு வீரர்கள் நிறைந்த ரயில், ஸ்கீ கொண்டு வருவதை யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். ஆனால் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளமுள்ள மடங்காத 20 கிலோ குழாயை, மேலும் ஒரு பெட்டி, இரண்டு பூட்ஸ் பையோடு, சில நிமிட இடைவெளியில் ரயில் மாற்றுவது சுலபமில்லை. சின்னச் சக்கரங்கள் நடைமேடையில் ஓடும், பனி மிதித்த தெருவில் ஓடாது. அந்தக் கடைசித் தூரத்துக்கு ஊருக்குள் ஓடும் மின்சார டாக்ஸி உண்டு, அல்லது ஹோட்டலுக்கு முன்பே எழுதி வண்டி அனுப்பச் சொல்லுங்கள். ஸ்விஸ் ரயில்வேயில் சாமானை முன்கூட்டியே அனுப்பும் சேவையும் இருக்கிறது. அதற்கு நாள் கணக்கில் அவகாசம் வேண்டும் என்பதால் வந்திறங்கும் அன்றே சறுக்க நினைப்பவர்களுக்கு ஒத்துவராது. அறையில் கேஸை எங்கே வைப்பது என்பதும் ஒரு கேள்வி. நீட்டிச் சுருக்கும் வகை உள்ளே தள்ளினால் கணிசமாகச் சிறிதாகும், ஒற்றைத் துண்டாக இருக்கும் கேஸ் அப்படியே கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். புதிதாக வாங்குவதானாலும் அதனால்தான் நீட்டிச் சுருக்கும் வகையையே சொல்வேன்.

இந்த அலைச்சலை எல்லாம் கேட்டபின், வாடகைக்கே எடுத்துவிடலாமே என்று தோன்றினால் அது தப்பில்லை. உங்களுடையது எல்லா வகைச் சரிவுக்கும் ஏற்ற சாதாரண ஆல்-மவுன்டன் ஸ்கீ, மூன்று நாள்தான் சறுக்கப் போகிறீர்கள் என்றால், பூட்ஸையும் ஹெல்மெட்டையும் மட்டும் கொண்டுபோய் ஸ்கீயை அங்கே எடுங்கள் என்றுதான் கடைக்கு வரும் பலரிடமும் சொல்கிறேன். ஒரு வாரம் முழுக்கச் சறுக்குவீர்கள், உங்கள் ஸ்கீயின் சுபாவம் உங்கள் காலுக்குப் பழகியிருக்கிறது, கேஸும் இரவலாகக் கிடைக்கிறது என்றால் கொண்டுபோவது நியாயம். சொந்த ஸ்கீயில் நல்ல மலையில் இறங்கும் சந்தோஷத்துக்கு ஒரு விலை உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சூரிச்சில் கேஸ் சாதாரண சுழல் பட்டையில் வராமல் பெரிய சாமான்களுக்கான தனி இடத்தில் வரலாம், அங்கேயும் பாருங்கள். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் கேஸைத் திறந்து பார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எட்ஜில் நகத்தை ஓட்டுங்கள், பிசிறு இருந்தால் தட்டும். பேஸை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள், முறுக்கு தெரியும். பிரேக்கைக் கையால் அழுத்தி விடுங்கள், சட்டென்று முழுதாக இறங்க வேண்டும். குதிகால் நெம்புகோலைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். பைண்டிங்கில் விரிசலோ தொய்வோ தெரிந்தால் கடையில் கருவி வைத்துச் சோதிக்காமல் அதில் சறுக்கக் கூடாது. சேதம் இருந்தால் அங்கேயே விமான நிறுவனத்தின் சாமான் முகப்பில் புகார் எழுதி, எண் வாங்கிக்கொள்ளுங்கள். கனடாவும் ஸ்விட்சர்லாந்தும் 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இருப்பவை. அதன்படி செக்-இன் சாமானின் சேதத்தைக் கையில் வாங்கிய 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாமதமாக வந்ததற்கான கோரிக்கைக்கு, சாமான் கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். நிறுவனத்தின் பொறுப்புக்கு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு) என்ற உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் நடப்பில் இருக்கிறது. கனடா டாலரில் 3,000-க்குச் சற்றுக் கீழே வரும். அது உச்சவரம்புதான், பொருளின் தற்போதைய மதிப்பை நீங்கள் நிரூபிக்க வேண்டும், அதனால் ஸ்கீ வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். கேஸின் வெளிக்கீறலுக்குப் பொதுவாக யாரும் ஒன்றும் தர மாட்டார்கள்.

அறைக்குப் போனதும் கேஸை மூடியபடி வைக்காமல் இரண்டாகப் பிரித்து விடுங்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் சூடான அறைக்குள் வந்ததும் உள்சுவரில் ஈரம் பூக்கும். திரும்பும் பயணத்தில்தான் பலரும் அவசரப்பட்டு ஈர ஸ்கீயை அப்படியே அடைக்கிறார்கள். ஹோட்டலின் ஸ்கீ அறையில் கடைசி இரவு காயவைத்து, காலையில் துடைத்துக் கட்டுங்கள். ஃபோம் துண்டுகள் எது எங்கே என்று போகும்போதே மார்க்கரால் எழுதிவிட்டால் அந்தக் காலை நேரம் மிச்சம்.

நண்பரின் கேஸை அளந்த பிறகு, உள்குறுக்களவையும் உங்கள் இரண்டு ஜோடியின் நுனி அகலம், பிரேக் அகலத்தையும் இங்கே எழுதுங்கள். அடங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.